பெட்டியில் பிறந்த கேஷ், காசில் பிறந்த கேஷ்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருநாள் காலையிலேயே ஒரு ஃபார்வர்டு போட்டார். ஆங்கிலத்தில் இருக்கும் 'கேஷ்' நம்முடைய 'காசு'தான், வெள்ளைக்காரன் காசையும் கொண்டுபோனான், சொல்லையும் கொண்டுபோனான் என்று. கூடவே வழக்கமான பரிவாரங்கள்: எட்டுதான் 'எய்ட்' ஆனது, கொல்தான் 'கில்' ஆனது. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் பதிலுக்கு ஓர் அகராதிப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டான். "பெரியப்பா, கேஷ் லத்தீன்ல இருந்து வந்த சொல். கேப்ஸான்னா பெட்டி. தமிழுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க." அந்தக் கடைசி வரியை அவன் எழுதாமல் இருந்திருக்கலாம். மத்தியானத்துக்குள் மொழிப் பிரச்சினை மரியாதைப் பிரச்சினையாகி, அத்தை ஒரு பழனி முருகன் படத்தைப் போட்டு எல்லோரையும் அடக்க வேண்டியதாயிற்று.

சண்டை எனக்கு உறுத்தவில்லை. நம் வீடுகளில் இதெல்லாம் சாதாரணம். இரண்டு பேருக்கும் இருந்த நிச்சயம்தான் உறுத்தியது. ஒருவருக்கு ஒலி ஒன்றாக இருந்தால் போதும், உறவு முடிந்தது. இன்னொருவனுக்கு அகராதியில் முதல் பதிவைப் பார்த்தால் போதும், விசாரணை முடிந்தது. அவன் அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கேஷ்' என்ற தலைச்சொல்லின் மேல் சின்னதாக ஒரு '1' இருந்தது. ஒன்று என்று எண் போட்டால் இரண்டும் இருக்கும் அல்லவா? அந்த இரண்டைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கல்லாவில் உட்கார்ந்தவர்கள்

முதலில் தம்பியின் கேஷ். ரோமர்களிடம் கேப்ஸா என்று ஒரு பெட்டி இருந்தது. பெரும்பாலும் உருளை வடிவம், சுருட்டிய ஏடுகளை உள்ளே நிற்கவைத்து எடுத்துப்போகலாம். அந்தச் சொல் இத்தாலியில் கஸ்ஸா ஆயிற்று, பிரான்சில் கேஸ் ஆயிற்று. பணம் வைக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர். இத்தாலியில் சேமிப்பு வங்கிகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் கஸ்ஸா இருக்கிறது. ஆங்கிலத்துக்குள் 'கேஷ்' நுழைந்தது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள், பெட்டிக்குள் இருக்கும் பணம் என்றும் பொருள். 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி உதிர்ந்துபோய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. நாம் மாத்திரைக் கடையில் கேட்கும் கேப்ஸ்யூல், ஃபோனுக்குப் போடும் கேஸ், ஒரு காலத்தில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்த கேசட் எல்லாம் அந்த ஒரே பெட்டியின் பேரன் பேத்திகள். இந்தக் கணக்கில் 'கேஷ் பாக்ஸ்' என்பது 'பெட்டிப் பெட்டி'. நம்முடைய நடுசென்டர் மாதிரி.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்துக்கு ஆகும் என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அவர் கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அவர் இளவட்ட வயதில் நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், ஒரு மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கல்லாவை நான் பார்த்திருக்கிறேன். சரிந்த மூடி போட்ட தேக்குப் பெட்டி, மூடி நடுவில் சில்லறை போட ஒரு கீறல், திறந்தால் உள்ளே நாலைந்து அறைகள், கைபட்டுக் கைபட்டு விளிம்பெல்லாம் எண்ணெய் வைத்ததுபோல் மினுங்கும். மூடியில் சந்தனமும் குங்குமமும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஏறிக்கொண்டே போகும். கல்லா என்றால் அந்தப் பெட்டி. ஆனால் "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று முதலாளி ராத்திரி கேட்டால் பெட்டியின் விலையையா கேட்கிறார்? "படம் நல்லா கல்லா கட்டுது" என்றால் தியேட்டரில் யாரும் தச்சுவேலை செய்யவில்லை. "மகனைக் கல்லாவுல உட்கார வச்சிட்டாரு" என்றால் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தான் என்று பொருளில்லை. பெட்டி பணமாகி, பணம் இருக்கையாகி, இருக்கை அதிகாரமாகிவிட்டது. லத்தீன்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் நடந்தது இதுவேதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'பெட்டி கேஷ்'. அலுவலகங்களில் டீக்கும் ஆட்டோவுக்கும் கூரியருக்கும் எடுத்துக் கொடுக்கும் சில்லறைப் பணம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கணக்காளர் அம்மா உண்மையிலேயே ஒரு சின்னத் தகரப் பெட்டியில் அதை வைத்திருந்தார், அதனால்தான் அந்தப் பெயர் என்று உறுதியாக நம்பினார். அந்தப் 'பெட்டி' பிரெஞ்சு மொழியில் சின்னது என்று பொருள்படும் 'பெத்தி'யின் வழி வந்தது என்று நான் சொல்லப் போகவில்லை. வார்த்தையின் முதல் பாதியில் இல்லாத பெட்டி பின்பாதியில் இருக்கிறது. சுற்றி வளைத்தாலும் அந்த அம்மா சொன்னது சரி.

பெரியப்பாவின் கேஷ்

இப்போது இரண்டாவது. அகராதியில் '2' என்று எண் போட்டு, கொஞ்சம் கீழே, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கிறது. கீழை நாடுகளில் புழங்கிய மதிப்புக் குறைந்த நாணயம் என்று பொருள். மூலம்: போர்ச்சுகீசிய மொழி வழியாகத் தமிழ்க் காசு. ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிய சொற்களுக்கெல்லாம் 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற பெரிய அகராதியும் இதையே சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். ஊர் பேர் தெரியாமல் எழுதிய ஆள் இல்லை.

அப்படியானால் பெரியப்பா ஜெயித்துவிட்டாரா என்றால், அங்கேதான் சிக்கல். அவருடைய ஃபார்வர்டு சொல்லும் கேஷ், கடையில் "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கும் கேஷ். அது பெட்டியில் பிறந்தது. காசில் பிறந்த கேஷ் வேறு. பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கே அது தெரியாது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கின்றன, இரண்டுமே பணத்தைப் பற்றியவை. ஆனாலும் உடன்பிறந்தவை அல்ல. ஒரே பெயர் வைத்த இரண்டு ஊர்கள் போல என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமையுமா என்பது அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த அரிப்பு தீர்ந்தது போர்ச்சுகீசியச் சொல்லின் எழுத்தைப் பார்த்தபோது. 'கைஷா'. நம் காசைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதைக் கைஷா என்று எழுதிக்கொண்டார்கள். அதே போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்றால் என்ன தெரியுமா? பெட்டி. லத்தீன் கேப்ஸாவின் நேர் வாரிசு. அதாவது கோழிக்கோட்டில் 1498-இல் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தென்கரை முழுக்கப் பரவிய மாலுமிக்குச் சந்தையில் 'காசு, காசு' என்று காதில் விழுகிறது. அவன் வாய்க்கு ஏற்கெனவே பழகிய சொல் ஒன்று இருக்கிறது, பணம் வைக்கும் பெட்டி. புதுச் சொல்லைப் பழைய சொல்லின் சட்டைக்குள் நுழைத்துவிட்டான். இரண்டு கேஷும் ஆங்கிலத்தில் வந்து சந்தித்ததற்கு முன்னாலேயே போர்ச்சுகீசிய வாயில் கைகுலுக்கிவிட்டன. ஆங்கிலேயன் வந்து கைஷாவைக் கேட்டபோது அவனிடமும் பெட்டி வழி வந்த கேஷ் தயாராக இருந்தது. அவனும் அதையே செய்தான். நம் கணக்காளர் அம்மா 'பெத்தி'யைப் பெட்டி ஆக்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. காது எப்போதும் தனக்குத் தெரிந்ததைத்தான் கேட்கும்.

சண்டையில் இரண்டு பேருக்கும் பிடிபடாமல் போனது இதுதான். சொல்லுக்கு ஒரே ஒரு தாய்தான் இருக்க வேண்டும் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். பிறப்பு வேறாக இருந்தும் வளர்ப்பில் ஒன்றான சொற்கள் உண்டு. சொல்லப்போனால் ஆங்கிலத்தில் இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார்: ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கு 'கேஷியர்' என்று ஒரு வினைச்சொல். வங்கிக் கேஷியருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது டச்சு, பிரெஞ்சு வழியாக, உடைப்பது, செல்லாததாக்குவது என்ற பொருளில் இருந்து வந்தது. அதை இதற்குமேல் இழுக்க எனக்கு ஆர்வமில்லை.

இருபது காசு

சொற்பிறப்பு எல்லாம் காகிதத்தில் இருக்கும் வரை காற்றுதான். எனக்கு இது உறைத்தது ஒரு நாணயச் சேகரிப்பாளர் என் உள்ளங்கையில் ஒரு செப்புக் காசை வைத்தபோது. குறுக்கே மூன்று சென்டிமீட்டர் இருக்கும், நல்ல கனம். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், கீழே 1808. திருப்பினால் பாரசீக எழுத்தில் ஒரு வாசகம், அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. பாரசீகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் விரல் வைத்துப் படித்தார்: "பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்." இருபது காசு நாலு ஃபுலூசுக்குச் சமம், ஃபுலூஸும் ஒரு செப்புச் சில்லறைதான். ஒரே நாணயத்தில் ஒரே சொல் இரண்டு தடவை. பாரசீக எழுத்தில் நம் வாய்க்குப் பக்கமாகக் 'காஸ்', ஆங்கில எழுத்தில் பெட்டிக்காரன் வழியாகச் சுற்றிவந்த 'கேஷ்'. தமிழ் எழுத்து மட்டும் அதில் இல்லை.

அது இங்கே அடித்ததும் இல்லை. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அடித்தது. சென்னை மாகாணத்துக்காக அடித்து, மரப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். என் கையில் இருந்தது அந்தக் கப்பல்களில் ஒன்றான அட்மிரல் கார்ட்னருடையது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ ஐம்பது டன் செப்புக் காசு கடலுக்கடியில். சென்னைச் சந்தையில் கீரைக்கும் கருவாட்டுக்கும் கைமாறியிருக்க வேண்டியது, 1980-களில் முக்குளித்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் அள்ளி எடுக்கும் வரை மணலுக்குள் கிடந்தது. அவ்வளவு கிடைத்துவிட்டதால் இன்று அது பெரிய விலையும் போவதில்லை. பீப்பாய் என்ற சொல்லும் சாவி, ஜன்னல் போலப் போர்ச்சுகீசியர் கொடுத்ததுதான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கணக்கு ஓரளவு நேராகிவிட்டது.

அந்த இருபது காசின் மதிப்பைப் பார்த்தால் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். கம்பெனியின் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. ஆக 3,360 காசு சேர்ந்தால் ஒரு வராகன். (பணத்தை ஆங்கிலேயர் 'ஃபனம்' என்றும், வராகனைப் 'பகோடா' என்றும் எழுதினார்கள். பின்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெங்காய வாசம் வரும்.) நாலைந்து சேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் அற்பச் சில்லறை அது. உலகத்தின் ரொக்கத்துக்கெல்லாம் பெயர் கொடுத்ததாக நாம் பீற்றிக்கொள்ளும் சொல், ஆங்கிலத்தில் உண்மையாக நுழைந்தது ஏழையின் மடிமுடிச்சு வழியாகத்தான். எனக்கென்னவோ அதுவே கூடுதல் பெருமையாகத் தோன்றுகிறது.

1818-இல் சென்னை ரூபாய்க் கணக்குக்கு மாறியதோடு அந்தக் காசும் ஓய்ந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஓயவில்லை. நாங்கள் அன்று திருவிதாங்கூர். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1940-கள் வரை அரசாங்கமே அதைச் சங்கு முத்திரையோடு அடித்து, ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே பெயரும் போட்டது. எங்கள் ஆச்சி கடைசி வரை "ஒரு சக்கரத்துக்குப் பிரயோசனம் உண்டா?" என்றுதான் திட்டுவாள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அம்மன் காசு இருந்தது. பிரகதாம்பாள் உருவம் போட்ட பொடிச் செப்புக்காசு, நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுப்பார்கள். அதையும் ஒரு கட்டத்தில் பர்மிங்காமில்தான் அடித்து வரவழைத்தார்கள்.

சீனாவரை போன காசு

இந்தச் சில்லறை இங்கேயே நின்றிருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாகத் தோளில் போட்டுப்போவார்கள். சீனர் அதை 'வென்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'கேஷ்'. சீனக் கேஷ், வியட்நாம் கேஷ், கொரியக் கேஷ். லண்டனிலோ நியூயார்க்கிலோ ஏலத்துக்கு வரும் தாங் வம்சத்து நாணயத்துக்கு அட்டையில் இந்தப் பெயர்தான். இதில் பெட்டிக்கு வேலையே இல்லை, முழுக்க நம் காசு. போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர்கள் ஏற்கெனவே பெரும்புள்ளிகள். 'நினா சாத்து' என்று போர்ச்சுகீசியர் எழுதிவைத்த ஒரு வணிகருக்குப் பெண்டஹாரா என்ற உயர்ந்த பதவியையே கொடுத்தார்கள் (அந்தப் பெயருக்குள் எந்த நயினார், எந்தச் செட்டி இருக்கிறார் என்று அவரவர் ஊகித்துக்கொள்ளலாம், மறுபடி காதின் வேலை). தென்னிந்தியக் கரையில் பழகிய சொல்லைப் போர்ச்சுகீசியர் கிழக்கே கொண்டுபோய், அங்கே கண்ட மலிவு நாணயத்தின் மேலெல்லாம் ஒட்டிவிட்டார்கள். சீனர்கள் தங்கள் காசைக் காசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல் யாருடையது என்று கேட்டு யாரும் பயன்படுத்துவதில்லை.

காசு தமிழா என்ற கேள்வியையும் சிலர் எழுப்புவார்கள். ஹாப்சன்-ஜாப்சன் அதை வடமொழியின் 'கர்ஷ' என்ற எடை அளவோடு இணைக்கிறது. திராவிட வேர் என்று வாதிடுபவர்களும் உண்டு. என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள், ஆனால் சாய்வு ஆதாரம் ஆகாது. இங்கே அது எவ்வளவு பழையது என்பதை மட்டும் சொல்ல முடியும். குறுந்தொகை 67-ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது எப்படி இருக்கிறதென்றால், புது நூல் கோக்கிற பொற்கொல்லன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் 'பொலங்கல ஒருகாசு' போல. இந்தக் காசு சந்தைக் காசு இல்லை, கழுத்தில் கோக்கும் பொற்காசு. காசுமாலையில் இன்னும் அது தொங்குகிறது. பிறகு சோழர் கல்வெட்டுகளில் பழங்காசு, ஈழக்காசு என்று புழக்கத்துக்கு வந்து நிற்கிறது. இலக்கணக்காரர்களும் விடவில்லை. வெண்பா எப்படி ஓடினாலும் கடைசியில் நாள், மலர், காசு, பிறப்பு நாலில் ஒன்றில்தான் முடிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதை ஒப்பித்தபோது இந்தக் காசு ஏன் மலருக்கும் பிறப்புக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஐயாவிடம் கேட்டவன் நான். "சீர் பிரிலே முதல்ல" என்றார்.

கேஷியருக்குத் தமிழில் காசாளர் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல காது. பொருளும் சரி, ஒலியும் கிட்டத்தட்ட அதே. பெட்டிக்காரரைக் கூப்பிட்டு நம் காசைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். போர்ச்சுகீசியன் நம்மிடம் செய்ததை நாம் திருப்பிச் செய்திருக்கிறோம். காசோலையும் அப்படித்தான், ஆனால் அதை வங்கிச் சுவரைத் தவிர வேறெங்கும் நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் 'செக்'தான்.

கேஷ்யூ நட் பற்றி யாராவது பின்னூட்டத்தில் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதற்கும் இவை எதற்கும் சம்பந்தமில்லை. பிரேசிலின் டூப்பி மொழியில் 'அகாஜு', போர்ச்சுகீசிய வாயில் 'கஜு', ஆங்கிலத்தில் கேஷ்யூ. கொண்டுவந்து இங்கே நட்டதும் அதே போர்ச்சுகீசியர்தான். பண்ருட்டிப் பக்கம் அது பணப்பயிர். எங்கள் ஊரில் அண்டிப்பருப்பு, அதை உடைக்கிற ஆலை அண்டியாபீஸ், சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூலி கேஷாகத்தான் கொடுப்பார்கள்.